நாலக்கா ஊர் காட்டப் புறப்பட்டாள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தக் கிரேனில் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்த எண்தான் பெயர். எங்காவது கடைத்தெருவில் ஒருவர் இன்னொருவரைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டுவிட்டால், கூப்பிடப்பட்டவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "யோவ் ஏழு!" என்றால் உடனே நின்றுவிடுவார். அப்படி நாலாம் நம்பர் கிரேனில் ஏறியவள் நாலு ஆனாள். தலை நரைக்க நரைக்க நாலக்கா ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளுடைய வீட்டுக்காரரே ஒரு முறை முகட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

ஒரு ஆறு மாடிக் கட்டடத்தைத் தூக்கி இன்னொரு ஆறு மாடிக் கட்டடத்தின் தலையில் வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் தொங்கியது நாலக்காவின் கேபின். நான்கு பக்கமும் கண்ணாடி. காலடியிலும் கண்ணாடி, குனிந்து பார்த்தால்தானே கொக்கியை இறக்க முடியும்? புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் அந்தத் தரையில் கால் வைக்கப் பயந்து நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக்கொள்வார்கள். நாலக்கா முதல் நாளே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கண்ணாடி மேல் நின்று, "அடேயப்பா, ஊரே என் காலடியில கெடக்கு!" என்றாளாம். அன்றைக்கு அவள் தலைக்கு ஏறிய கிறுகிறுப்பு, ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை. மேகம் தாழ்ந்து வந்து வேலையை மறைத்தால், கண்ணாடி துடைக்கிற துணியாலேயே அதையும் ஒரு துடை துடைத்து அனுப்பிவிடுவாள் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

ஒரு கப்பல் போய் அடுத்த கப்பல் வரும்வரை கிரேன்காரருக்கு என்ன வேலை? வேடிக்கை பார்ப்பதுதான். பக்கத்துக் கிரேன் மூன்றுக்கும் அவளுக்கும் வாக்கி-டாக்கியில் ஓயாத பேச்சு.

"ஏய் மூணு, மஞ்சள் தொட்டி வீட்டுல இன்னிக்கும் சண்டை. அந்த மனுஷன் மாடியில தனியா உக்காந்து சாப்பிடுறாரு."

"என்ன சாப்பிடுறாரு?"

"அது தெரியல. தட்டை வழிச்சு நக்குறாரு."

"அப்ப சண்டை பெருசில்ல. வேற சொல்லு."

எந்த மாடியில் புது மெத்தை காய்கிறது, எந்தக் கூரையில் ஓடு நழுவியிருக்கிறது, எந்த வீட்டுக் கிழவர் டாக்டருக்குத் தெரியாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பீடி பிடிக்கிறார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த ஊரைக் கரைத்துக் குடித்தவள் தான் ஒருத்திதான் என்று அவள் சொல்லிக்கொண்டாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஓய்வு பெற்ற மறுநாளே கொழுந்தனார் வந்துவிட்டார். அவருக்குத் துறைமுகச் சாலையில் கடை. கயிறு, சங்கிலி, பெயிண்ட், ஆணி என்று கப்பலுக்கு வேண்டியது அத்தனையும் அங்கே கிடைக்கும். வெளிச்சம் மட்டும் கிடைக்காது.

"வீட்டுல சும்மா உக்காந்து என்ன அண்ணி பண்ணப் போறீங்க? கடைக்குப் பின்னாடி நம்ம கிடங்கு இருக்குல்ல, அதைப் பாத்துக்கோங்க. வெளியாளை நம்ப முடியல. நீங்கன்னா சொந்தம்."

"சொந்தம்னா சம்பளம் கிடையாதா தம்பி?"

"என்ன அண்ணி, இப்படிப் பிரிச்சுப் பேசுறீங்க!"

போய்ப் பார்த்தாள். ஜன்னலே இல்லாத அறை. ஒற்றை பல்பு. நான்கு பக்கமும் கயிற்றுச் சுருள்கள் கூரைவரை ஏறியிருந்தன. நடுவில் ஒரு முக்காலி. உட்கார்ந்ததும் எதிர்ச்சுவர் மூக்கில் வந்து இடிப்பது போலிருந்தது. எழுந்து தெருவுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்காரர் தார்ப்பாய் தைக்கிறவர். சாதுவான மனிதர், அதனாலேயே தம்பியிடம் வார்த்தை கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். "உனக்கு வேற வேலை கிடைச்சிடுச்சுன்னா, நான் அவன் மூஞ்சியப் பாத்து 'இல்லடா'ன்னு சொல்லிடுவேன். சும்மா சொல்லச் சொன்னா எனக்கு நாக்கு எழாதும்மா" என்றார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

ஆக, வேறு வேலை வேண்டும். அதுவும் சீக்கிரம்.

அந்த வாரமே ஊர் அருங்காட்சியகத்தின் வாசலில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களை அழைத்துப் போய்ப் பழைய ஊரைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் தேவை. நாலக்கா கட்டியிருந்த புடவையோடு உள்ளே நுழைந்தாள்.

அருங்காட்சியக அதிகாரியம்மா மெலிந்த உருவம், கறாரான மூக்குக்கண்ணாடி. உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் குடையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மேசை மேல் பழைய ஊரின் வரைபடத்தை விரித்து, "இதுல உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

நாலக்கா வரைபடத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிவைத்தாள். கடல் இப்போது அவள் வயிற்றுப் பக்கம் வந்தது. அவ்வளவுதான், வெளுத்து வாங்கிவிட்டாள். இது கயிறு திரிச்ச பழைய கட்டடம், இது மணிக்கூண்டு, மணி ஓடாது ஆனா புறா உண்டு, இந்த வளைவான தெரு இருக்கே, இதுல வீடெல்லாம் பல்லு வரிசை மாதிரி வளைஞ்சு நிக்கும், இந்த வீட்டுல உடைஞ்ச சோபா...

அதிகாரியம்மாவின் புருவம் மெல்ல மேலே ஏறியது. "அந்தத் தெரு ஏன் வளையுது, தெரியுமா? ஒரு காலத்துல அதுதான் கடற்கரை. அலை ஒதுங்குன கோட்டுல வீடு கட்டினாங்க. அப்புறம் கடலைத் தூர்த்துட்டாங்க."

"அதானே பாத்தேன்! யாரோ குடிச்சிட்டுக் கட்டிட்டாங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன் மேடம்."

அதிகாரியம்மா சிரிக்காமல் இருக்கக் குடைப்பிடியைக் கடித்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு நடை நடத்திக் காட்டுங்க. நானும் வருவேன். நல்லா நடந்தா வேலை உங்களுக்கு."

செய்தி கொழுந்தனார் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஞாயிறு காலை துறைமுக வாயிலில் முதல் ஆளாக அவர்தான் நின்றார், வெள்ளைச் சட்டை, பளபளக்கும் புதுச் செருப்பு. "அண்ணி ஊர் காட்டுற அழகைப் பாக்க வேணாமா?" என்றார். கிடங்கின் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மற்றபடி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், கை கோத்த கை விடாத ஒரு புது ஜோடி, குடையோடு அதிகாரியம்மா. அவ்வளவுதான் கூட்டம்.

"எல்லாரும் என் பின்னாடி வாங்க!" என்று நாலக்கா புறப்பட்டாள். சாலையைக் கடந்து முதல் சந்தில் நுழைந்தாள்.

நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

எங்கே பார்த்தாலும் சுவர். கதவு. கடைப் பலகை. சைக்கிள். நீலத் தொட்டி எங்கே? மஞ்சள் தொட்டி எங்கே? உடைந்த சோபா எங்கே? இத்தனை வருடத்தில் துறைமுக வேன் அவளை வீட்டு வாசலில் ஏற்றி, கிரேனின் காலடியில் இறக்கிவிட்டிருக்கிறது. சாயங்காலம் அங்கே ஏற்றி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறது. காய்கறியும் சாமானும் வாங்குவது வீட்டுக்காரர் வேலை. இந்தத் தெருக்களில் ஒன்றில்கூட அவள் கால் பட்டதில்லை. ஊரின் உச்சந்தலையை மட்டுமே பார்த்து வாழ்ந்தவளை யாரோ அதன் கணுக்காலில் கொண்டுவந்து நிறுத்தியது போலிருந்தது.

அதை வெளியே காட்டிக்கொள்வாளா? "அப்படியே கடல் பக்கமாத் திரும்புங்க" என்றாள் கம்பீரமாக. கிரேனில் இடது வலது கிடையாது; கடல் பக்கம், கரைப் பக்கம்தான். சந்துக்குள் கடல் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? ஆளுக்கொரு திசையில் திரும்பினார்கள். புது ஜோடி மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றது. பின்தங்கிய வாத்தியாரைப் பார்த்து நாலக்கா கையை உயர்த்தி விரலை வட்டமாகச் சுழற்றினாள். துறைமுகத்தில் அதற்கு 'தூக்கு' என்று அர்த்தம்.

"அண்ணி, நாங்கல்லாம் மனுஷங்க. மூட்டை இல்ல."

"மூட்டைன்னா பேசாம வரும் தம்பி."

ஒரு சந்து, அடுத்த சந்து, ஒரு திருப்பம். முடிதிருத்தும் கடை ஒன்று வந்தது. இன்னும் இரண்டு சந்து, இரண்டு திருப்பம். மறுபடியும் அதே முடிதிருத்தும் கடை. கத்தரியோடு வாசலில் நின்ற கடைக்காரர் தலையசைத்தார். நாலக்கா வேறு வழியாக வேகமாக நடந்தாள். மூன்றாம் முறை அதே கடை வந்தபோது அவர் நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டு, "உள்ள வாங்க, முடிவு பண்ணிட்டீங்கன்னா உக்காந்துடலாம்" என்றார்.

"ஏன் மறுபடி இங்க வந்தோம்?" என்று கேட்டார் வாத்தியார்.

"சில கட்டடங்களை மூணு பக்கத்துலேருந்து பாக்கணும் சார்."

"மூணு தடவையும் ஒரே பக்கந்தானே பார்த்தோம்?"

கொழுந்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாவிக்கொத்து கிலுகிலுத்தது. "அண்ணி, கடைக்கு எப்படி வர்றதுன்னாவது தெரியுமா? நாளைக்குக் காலையில நானே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்!"

அதிகாரியம்மா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு கிண்டலைவிட மோசமாக இருந்தது. நாலக்காவுக்கு அந்த முக்காலியும் பல்பும் கண்முன் வந்து போயின. தலையை அண்ணாந்தாள். இரண்டு சுவருக்கு நடுவே ரிப்பன் அகலத்துக்கு வானம் தெரிந்தது.

திடீரென்று கடைக்காரரின் கையைப் பிடித்தாள். "உங்க கடை மாடிக்குப் படி இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா மேல துணி காயுது."

"சிவப்புப் போர்வையா?"

அவர் வாயைப் பிளந்தார். "உங்களுக்கு எப்படி..."

"அப்ப நீங்கதானா அது! ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!"

குறுகலான படி. நாலக்கா இரண்டிரண்டாகத் தாவினாள். மேலே போய் வெயிலில் தலையை நீட்டியதும் கண்ணைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது போல ஊர் முழுவதும் அவளுக்கு மீண்டும் கிடைத்தது. அதோ நீலத் தொட்டி! அதோ மணிக்கூண்டுப் புறாக்கள்! சோபா, பாவம், இன்னும் அப்படியே கிடக்கிறது! அவள் கை தட்டியே விட்டாள்.

பழைய ஊரில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த மாடி; அதைத் தாண்டினால் அதற்கடுத்தது. சந்து குறுக்கிட்ட இடத்தில் யாரோ அகலமான பலகை போட்டிருந்தார்கள். நாலக்கா முன்னே போக, கூட்டம் பின்னாலேயே போனது. இப்போது அவள் வாய் மூடவில்லை. இந்தத் தகரக் கூரை ஒரு புயலில் பறந்து போய் மூணு தெரு தாண்டி இன்னொரு வீட்டு மேல உக்காந்து, அவங்க திருப்பித் தர மாட்டேன்னாங்க. இந்த ரெண்டு மாடியிலயும் துணி காயப் போட்டே ஒரு கல்யாணம் முடிஞ்சுது, எனக்கு அவங்க அப்பா அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்...

மாடிகளில் ஆட்கள் இருந்தார்கள். வத்திப்பெட்டி அளவு உருவமாக இத்தனை வருடம் கிரேனுக்குக் கை காட்டிய ஆட்கள். சிக்கல் என்னவென்றால், அவள் அவர்களுடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு பெரியவர் புறாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நாலக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தலையைக் குனிங்க" என்றாள். அவர் திகைத்துப்போய்க் குனிந்தார். உச்சியில் சின்ன வட்டமாக வழுக்கை.

"ஓ, நீங்களா! நல்லா இருக்கீங்களா? பீடியை விட்டாச்சா?"

கிழவர் நிமிர்ந்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"நாலு!"

"நாலா? கிரேன் நாலா?" அவர் கையிலிருந்த தண்ணீரெல்லாம் கொட்டியது. "பீடி விஷயம் வீட்டுல தெரியாது, மெதுவாப் பேசுங்க! அடடா, நாலு பொம்பளையா!"

அதற்குப் பிறகு மாடிக்கு மாடி செய்தி இவர்களுக்கு முன்னால் ஓடியது. போகிற இடமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஆட்கள் தயாராக நின்றார்கள். நேர் வகிடு, கோணல் வகிடு, சுருட்டை, சாயம் போன நரை. பார்த்த மாத்திரத்தில் நாலக்கா அடையாளம் சொன்னாள். ஒருத்தி மட்டும் தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்ததால் மாட்டிக்கொண்டாள். "அவிழ்த்துக் காட்டும்மா, அப்பத்தான் நீ யாருன்னு தெரியும்!"

வளைந்த தெருவின் மாடிகளில் ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன மாடம் இருந்தது. "இதெல்லாம் புறாக் கூண்டு" என்றாள் நாலக்கா.

"இல்ல, இல்லவே இல்ல!" அதிகாரியம்மா ஓடினார். ஆமாம், ஓடினார், குடை எங்கேயோ மாட்டிக்கொண்டது. "இது வியாபாரிங்க கப்பல் பாக்கக் கட்டின மாடம்! யாரோட கப்பல் வருதுன்னு முதல்ல யார் பாக்குறாங்களோ அவங்களுக்குத்தான் அன்னிக்குச் சந்தை. நான் இதைப் பத்திப் படிச்சிருக்கேன். ஏறிப் பாத்ததே இல்ல." மாடத்துக்குள் நுழைந்து, அதன் சின்னத் துளை வழியே கடலைப் பார்த்தார். வெளியே வந்தபோது கூந்தலில் ஒட்டடை, கன்னத்தில் சுண்ணாம்பு. "அடுத்தது எங்க?" என்று கேட்டார் சின்னப் பெண் போல. வாத்தியாரும் ஜோடியும் ஆளுக்கொரு மாடத்துக்குள் புகுந்து, கற்பனைக் கப்பலுக்கு விலை பேசிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தனார் மட்டும் சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்தார். உயரம் அவருக்கு ஆகாது. அதை இன்றைக்குத்தான் அவரும் கண்டுபிடித்தார்.

நாலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி மாடி வரை போய்விட வேண்டியதுதான். கயிறு திரித்த கட்டடத்தின் சாய்ந்த தகரத்தில் எல்லோரும் சறுக்கு விளையாடுவது போல வழுக்கி, கப்பல்துறையை ஒட்டிய பழைய கிடங்கின் மொட்டைமாடியில் போய் விழுந்தார்கள். "இங்கேருந்து அழகான படிக்கட்டு இருக்கு. எறங்கினா நேரா துறைமுகம். நடை முடிஞ்சுது!" என்றாள்.

"எங்க படிக்கட்டு?" என்றார் வாத்தியார்.

நாலக்கா திரும்பினாள். தினமும் பார்த்த படிக்கட்டு, கிழக்குச் சுவரோரம் வரிவரியாக... சுவர் மொழுமொழுவென்று இருந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே கிடந்தது படிக்கட்டு, தரையோடு தரையாக. காலை வைத்தாள். சமதளம். தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின் நிழல் அது. அவளுக்கு எப்போதும் மத்தியான ஷிப்ட். நிழல் கிழக்கே விழும். இப்போது காலை.

இறங்க வழியில்லை. வழுக்கி வந்த தகரத்தில் திரும்பி ஏறவும் வழியில்லை. கொழுந்தனார் தரையில் உட்கார்ந்தேவிட்டார். "இதான் நீங்க ஊர் காட்டுற லட்சணமா அண்ணி? நெழல்ல ஏறி எறங்கச் சொல்றீங்களே! மேடம், எழுதிக்கோங்க, இவங்களுக்கு வேலை கிடையாதுன்னு எழுதிக்கோங்க!"

அதிகாரியம்மா நாலக்காவையே பார்த்தார். நாலக்கா கைப்பேசியை எடுத்தாள்.

"ஏய் மூணு. கயிறு கட்டடத்துக்கு முன்னாடி இருக்கிற பழைய கிடங்கைப் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன். யாருடா அது மாடியில கூட்டமான்னு. நீயா? அங்க என்ன பண்ற?"

"படிக்கட்டுன்னு நெனச்சேன். நெழலு."

அந்தப் பக்கம் நெடுநேரம் சிரிப்பு. "நானும் அது படிக்கட்டுன்னுதான் நெனச்சேன்! சரி, மேஸ்திரியைக் கேக்குறேன். பெயிண்ட் அடிக்கிறவங்களைத் தூக்குற கூண்டு சும்மாத்தான் இருக்கு."

மேஸ்திரி ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாராம். பிறகு மாடியில் நிற்பது நாலு என்று தெரிந்ததும், "அவளை விட்டா ஞாயித்துக்கிழமை பூரா மாடியிலேருந்து என்னையே வேவு பாப்பா, தூக்கித் தொலை" என்றாராம். சற்று நேரத்தில் வானத்திலிருந்து மஞ்சள் கூண்டு ஒன்று மெல்ல இறங்கியது. உள்ளே தலைக்கவசங்கள். எல்லோரையும் ஏற்றி, கதவைத் தாழிட்டு, கொழுந்தனாரை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தபின், கூண்டு புறப்பட்டது.

ஏறியது. இன்னும் ஏறியது. மாடிகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே விரிப்பாயின. வளைந்த தெரு பழைய கரையாகவே தெரிந்தது. இப்போதே ஓர் அலை வந்து அந்த வீடுகளின் வாசலை நனைக்கும் போல. மாடி மாடியாக ஆட்கள் கை காட்டினார்கள். வாத்தியார் தலைக்கவசத்தைக் கழற்றிப் பதிலுக்கு ஆட்டப் போக, ஜோடி பிடித்து மாட்டிவிட்டது. நாலக்காவின் கண் மட்டும் அதிகாரியம்மாவிடமே இருந்தது.

"கீழ உங்களுக்கு ஒரு தெருகூடத் தெரியாது" என்றார் அதிகாரியம்மா, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு.

"தெரியாது மேடம்."

"படிக்கட்டும் தெரியாது."

"அதுவும் தெரியாது."

கொழுந்தனார் கண்ணை மூடியபடியே, "அப்பாடா" என்றார்.

"அந்த மாடங்களை நான் காகிதத்துலதான் பாத்திருக்கேன். இன்னிக்கு ஒண்ணுக்குள்ள நின்னேன்." அதிகாரியம்மா உடனே கறாராகச் செருமிக்கொண்டார். "கீழ நடக்கிற நடைக்கு வேற ஆள் பாத்துக்குறேன். மாடி நடை உங்களோடது. மாசம் பொறந்தா வேலைக்கு வந்துடுங்க. வாரத்துக்கு ஒண்ணு போதுமா, ரெண்டு வெக்கலாமா?"

"ரெண்டு வெக்கலாம் மேடம். ஆனா கொஞ்ச நாள் குடுங்க. ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டி, எந்த மாடிக்கு நெசமாவே படி இருக்குன்னு மிதிச்சுப் பாத்துடுறேன்."

"அப்ப என் கிடங்கு?" என்று கேட்டது கூண்டின் மூலையிலிருந்து ஒரு பலவீனமான குரல்.

"அதுக்குப் பொருத்தமான ஆளு நீங்கதான் தம்பி. அங்கேருந்து கீழ விழவே முடியாது."

முதலில் வாத்தியார் சிரித்தார், பிறகு ஜோடி, பிறகு அதிகாரியம்மா, குடை இல்லாததால் கடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல். கூண்டு குலுங்கி ஆடத் தொடங்கியது.

"சிரிக்காதீங்க, ஆடுது! ஐயோ, சிரிக்காதீங்க!" என்று கொழுந்தனார் அலறினார். சிரிக்காதே என்று சொல்லிவிட்டால் பிறகு யாரால் அடக்க முடியும்? கீழே கப்பல்துறையில் காத்திருந்த மேஸ்திரி கையைக் காதில் வைத்து, வானத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.